திருப்புளி: வாய் பார்த்து வாங்குங்கள்

பூண்டுலோயா டவுனில் ஹார்ட்வெயார் கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்.

"முதலாளி, ஸ்டார் டிரைவர் ஒண்ணு குடுங்க."

"சின்னதா, பெரிசா தம்பி?"

"நடுத்தரமா ஒண்ணு எடுங்க."

அவ்வளவுதான். காசு கைமாறும், சாமான் பையில் விழும். இரண்டு மாதத்தில் அதன் நுனி உருண்டு போகும். கதவில் இருக்கிற ஸ்க்ரூவின் தலையும் அதோடு சேர்ந்து உருண்டு போகும். பிறகு அந்த டிரைவர் பெயின்ட் டின்னின் மூடியை நெம்புவதற்கும், அடுப்புச் சாம்பலைக் கிளறுவதற்கும் ஆகிவிடும். அந்த மூன்று வரிப் பேச்சை ஏழெட்டு வரியாக்குவதற்குத்தான் இந்த அத்தியாயம். கடைக்காரரிடம் இன்னும் நாலு வார்த்தை கேட்டு, கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து வாங்கினால் ஒரு டிரைவர் உங்கள் மகன் காலம் வரைக்கும் உழைக்கும்.

முதலில் பேரைப் பார்ப்போம். நாம் ஸ்க்ரூ டிரைவர் என்கிறோம். நல்ல தமிழில் அதற்குத் திருப்புளி என்று பேர்: திருப்புகிற உளி. சிங்களத்தில் இஸ்குருப்பு நியன என்பார்கள். நியன என்றாலும் உளிதான். இரண்டு மொழிக்காரரும் இதை உளி என்றே கண்டிருக்கிறார்கள். அந்தப் பேரில் ஒரு உண்மை இருக்கிறது. உளிக்கு உயிர் வாயில். தச்சுவேலை செய்கிற பாஸ் உளி வாங்கும்போது பிடியின் நிறத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். டிரைவருக்கும் அப்படியே. ஆனால் பேர் உளி என்பதற்காகச் சுத்தியலால் அடித்துச் சுவரைக் கொத்துகிறோமே, அங்கேதான் பாதி டிரைவர்கள் சாகின்றன.

லயத்தில் இருந்த காலத்தில் கதவோ கூரையோ பழுதானால் தோட்டத்துக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். இப்போது கதை மாறி வருகிறது. நம் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் 2018 ஆகஸ்டில் கையளிக்கப்பட்டன. மலையகத்தின் மற்ற இடங்களிலும் ஏழு பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்திருக்கின்றன. தனி வீடு வந்தால் தனிப் பிணைச்சல், தனித் தாழ்ப்பாள், தனி சுவிட்ச், தண்ணீர்க் குழாய் எல்லாம் வரும். மழைக் காலத்தில் கதவு உப்பிப் பிடித்தால் அதைச் சரிபார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஒரு பிணைச்சலுக்காகப் பாஸைக் கூப்பிட்டால் அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். அது நீங்கள் மலையில் பேர் போட்டு, நாள் கூலிக்கு உழைத்த காசு. அந்தக் காசில் பாதிக்கும் குறைவாகவே ஒரு நல்ல டிரைவர் கிடைக்கும்.

ஸ்டார் என்று ஒன்று இல்லை, மூன்று இருக்கின்றன

இந்த அத்தியாயத்தில் ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ எல்லாவற்றையும் நாம் ஸ்டார் என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். தலையில் வெட்டியிருக்கிற அந்தக் குழி மூன்று விதமாக இருக்கிறது. மூன்றுக்கும் வாய் வேறு.

முதலாவது பிலிப்ஸ். அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரத்து ஹென்றி பிலிப்ஸ் 1936இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கார் தொழிற்சாலைகளில் வேகமாக ஸ்க்ரூ ஏற்றுவதற்கு இது தோதாக இருந்ததால் உலகம் முழுக்கப் பரவியது. தட்டையான பட்டை வாய் போல வழுக்கிப் பக்கவாட்டில் ஓடாது, தானாகவே நடுவில் உட்காரும். ஆனால் அதன் குழியின் பக்கங்கள் சரிவாக இருப்பதால் பலமாகத் திருப்பும்போது டிரைவர் மேலே எழும்பி வெளியே தள்ளப்படும். நீங்கள் கையால் உணர்ந்திருப்பீர்கள்: கடக், கடக் என்று துள்ளும். ஒவ்வொரு துள்ளலும் குழியின் ஓரத்தைக் கொஞ்சம் தின்னும். அதனால்தான் பிலிப்ஸ் ஸ்க்ரூவில் திருப்புகிற பலத்தை விட அழுத்துகிற பலம் கூடுதலாக வேண்டும். கடைகளில் கிடைக்கிற மர ஸ்க்ரூ, ஜிப்சம் பலகை ஸ்க்ரூ, சுவிட்ச் பெட்டி ஸ்க்ரூவில் பெரும்பாலானவை இந்த இனம்.

இரண்டாவது பொஸிடிரைவ். 1960களில் இங்கிலாந்தில் ஜீகேஎன் நிறுவனம் கொண்டுவந்தது. பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம்: கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கும் நடுவே, மூலைவாக்கில், நான்கு மெல்லிய கோடுகள் கீறியிருக்கும். இதன் குழிச் சுவர்கள் ஏறக்குறைய நேராக இறங்குகின்றன. அதனால் டிரைவர் துள்ளாது. ஐரோப்பாவிலிருந்து வருகிற அலமாரிகள், மறைவுப் பிணைச்சல்கள், பார்ட்டிகல் பலகைத் தளபாடங்களில் இதைப் பார்க்கலாம். பிலிப்ஸ் டிரைவரை இதற்குள் விட்டால் உள்ளே இறங்கும், ஆனால் ஆடும். பலமாகத் திருப்பினால் இரண்டும் கெடும். பொஸிடிரைவ் வாயைப் பிலிப்ஸ் தலைக்குள் விட்டால் அடிவரைக்கும் உட்காராது. எத்தனையோ பேர் புது அலமாரியைப் பூட்டும்போதே ஸ்க்ரூ தலையைக் கெடுத்துவிட்டு, ஸ்க்ரூ தரமில்லை என்று திட்டுவது இதனால்தான்.

மூன்றாவது ஜப்பான் தரம், ஜிஸ் என்பார்கள். இதுதான் நம் ஊர்ப் பையன்களுக்கு அதிகம் தேவை, ஆனால் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஜப்பான் மோட்டர் சைக்கிள், ஜப்பானில் செய்த கொழுந்து பறிக்கும் இயந்திரம், புல் வெட்டும் இயந்திரம், பழைய ரேடியோ, தையல் மெஷின் எல்லாவற்றிலும் ஸ்டார் போலவே தெரிகிற இந்த ஸ்க்ரூ இருக்கும். தலையில் ஒரு ஓரத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு புள்ளி பதித்திருந்தால் அது ஜிஸ். பிலிப்ஸ் வாய் இதற்குள் அடிவரைக்கும் இறங்காமல் மேலேயே தொங்கும். திருப்பினால் துள்ளும், தலை கெடும். ஜிஸ் டிரைவரோ ஜிஸ் தலையிலும் உட்காரும், பிலிப்ஸ் தலையிலும் போதுமான அளவுக்கு உட்காரும். ஆகவே மோட்டர் சைக்கிள் வேலை செய்கிறவர் ஒரே ஒரு ஸ்டார் வாங்குவதானால் ஜிஸ் வாயாகவே வாங்கலாம்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு மழைக்காலத்தில், ஜப்பான் மோட்டர் சைக்கிள் ஒன்றின் பிரேக் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறக்கப் போனேன். அதில் இரண்டே இரண்டு சின்ன ஸ்க்ரூ. கையில் இருந்தது ஒரு புது பிலிப்ஸ் டிரைவர், பளபளவென்று. முதல் ஸ்க்ரூ வந்துவிட்டது. இரண்டாவது ஒருமுறை துள்ளியது. விட்டுவிட்டுக் கராஜுக்குப் போயிருக்க வேண்டும். நான் இன்னும் நாலு தரம் முயன்றேன். தலையில் இருந்த கூட்டல் குறி வட்டக் குழியாகிவிட்டது. கடைசியில் துளை போட்டு அதை எடுக்க வேண்டி வந்தது, கிண்ணத்தின் மரையும் போய்விட்டது. டிரைவரின் விலையைப் போல பல மடங்கு செலவு. அந்த ஸ்க்ரூவைப் பிறகு வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் ஓரத்தில் இருந்த புள்ளியைக் கண்டேன்.

இந்த மூன்று இனத்திலும் சைஸ் நம்பர் உண்டு: 0, 1, 2, 3. பிலிப்ஸில் பிஎச் என்றும் பொஸிடிரைவில் பிஸட் என்றும் முன்னால் எழுதி, பிடியிலோ கம்பியிலோ நம்பர் பொறித்திருப்பார்கள். வீட்டில் பத்தில் ஏழெட்டு ஸ்க்ரூ 2ஆம் நம்பர். கதவுப் பிணைச்சலில் போடுகிற எட்டாம் நம்பர் மர ஸ்க்ரூவுக்கு அதுதான். சின்ன மின்சாமான், விளையாட்டுச் சாமான் போன்றவற்றுக்கு 1. ரிமோட் போன்றவற்றுக்கு 0. பன்னிரண்டாம் நம்பரும் அதற்கு மேலும் போகிற தடித்த ஸ்க்ரூவுக்கு 3. கடையில் "நடுத்தரமா" என்று சொல்லாமல், "பிஎச் 2, கம்பி 100 மில்லிமீற்றர்" என்று கேளுங்கள். முதல் தடவை முதலாளி உங்களை நிமிர்ந்து பார்ப்பார். இரண்டாம் தடவை நல்ல சாமானை உள்ளேயிருந்து எடுத்து வருவார்.

பட்டை வாய்

பட்டை வாய்க்கு இரண்டு அளவு: அகலம், தடிப்பு. நாம் அகலத்தை மட்டும் பார்க்கிறோம். தடிப்புத்தான் முக்கியம். ஸ்க்ரூவின் வெட்டுக்குள் வாய் இறங்கியதும் முன்னும் பின்னும் ஆடக்கூடாது. வெட்டை நிறைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அகலம் ஸ்க்ரூத் தலையின் விட்டத்துக்குச் சமமாக அல்லது கொஞ்சம் குறைவாக இருக்கலாம். கூடினால் மரத்தைக் கீறும். சர்வதேசத் தரத்தில் வருகிற டிரைவர்களில் 3 மில்லிமீற்றர் அகலத்துக்கு 0.5 தடிப்பு, 5.5க்கு 1, 6.5க்கு 1.2 என்று ஒரு கணக்கு இருக்கும், பிடியிலேயே 1×5.5 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த இரண்டு எண்ணும் இருக்கிற டிரைவரை நம்பலாம். "ஆறு அங்குலம்" என்று நீளத்தை மட்டும் எழுதியிருக்கிற டிரைவர், வாயின் அளவைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

வாயைப் பக்கவாட்டில் பாருங்கள். மலிவான டிரைவரில் கம்பியைச் சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்கியதுபோல் ஆப்பு வடிவம் இருக்கும்: மேலே தடிப்பு, நுனியில் மெல்லிசு. ஆப்பு வாய் வெட்டின் மேல் ஓரத்தை மட்டும் தொடும். பலம் போட்டால் மேலே ஏறி வழுக்கும், கையைக் குத்தும். நல்ல டிரைவரின் நுனியில் கடைசி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் இரண்டு பக்கமும் சமாந்தரமாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்கும்.

இந்தக் காலத்தில் பட்டை வாய் யாருக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். தேயிலைப் பெக்டரிக்குள் போய்ப் பாருங்கள். பெல்ஃபாஸ்ட் நகரத்து சாமுவேல் டேவிட்சன் 1881இல் தொடங்கிய சிரோக்கோ பட்டறையின் டிரையர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பேர் போனவை. அந்தக் காலத்து ரோளர், டிரையர், சல்லடைகளில் பட்டை வெட்டு ஸ்க்ரூ நிறைய. வெட்டு அகலமாக இருக்கும், பல வருடத்துக் கொழுந்துச் சாறும் தூசியும் எண்ணெயும் அதற்குள் இறுகியிருக்கும். முதலில் பழைய ஹெக்சோ பிளேட் துண்டால் வெட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் டிரைவரை வைக்க வேண்டும். இந்த வேலைக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் வாயும், கம்பியின் கழுத்தில் ஆறு மூலைக் கட்டும் உள்ள டிரைவர் வேண்டும். அந்தக் கட்டில் ஸ்பேனரைப் பூட்டித் திருப்பலாம். ஒரு கையால் அழுத்தி, மறுகையால் ஸ்பேனரை அசைத்தால் எவ்வளவு இறுகிய ஸ்க்ரூவும் பேசும்.

பழைய தோட்டத்து வேர்க்ஷொப்பில் மரப்பிடி போட்ட, இங்கிலாந்திலிருந்து வந்த பட்டை டிரைவர் ஏதாவது கிடந்தால் எறியாதீர்கள். நுனி மழுங்கியிருந்தால் அரத்தால் சமமாக்கலாம். ஸ்டார் வாய்க்கு இந்தப் பாக்கியம் இல்லை. அது மழுங்கினால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை. வேறு வாங்கத்தான் வேண்டும். பட்டை வாயைச் சாணையில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள். நுனி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

பிடியும் நீளமும்

"நீட்டு டிரைவருக்குத்தான் பலம்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரியவர்களே சொல்வார்கள். ஸ்பேனருக்கு அது சரி, ஏனென்றால் ஸ்பேனர் நெம்புகோல். டிரைவரில் நாம் நெம்புவதில்லை, சுழற்றுகிறோம். சுழற்றும் பலத்தைக் கூட்டுவது பிடியின் தடிப்பு. 25 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிடியை விட 35 மில்லிமீற்றர் பிடி, அதே கைப்பலத்துக்கு, கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு திருப்பும். நீளமான கம்பி ஆழமான இடத்துக்கு எட்டும், ஸ்க்ரூவுக்கு நேராக நிற்கிறோமா என்று பார்க்க உதவும். அவ்வளவுதான். அளவுக்கு மீறி நீண்டால் கம்பியே முறுகிக் கைப்பலத்தைத் தின்னும்.

ஆகவே 2ஆம் நம்பர் ஸ்டாருக்குத் தடித்த பிடி, 1ஆம் நம்பருக்கு அதை விடச் சின்னப் பிடி. சின்ன வாய்க்குப் பெரிய பிடி போட்டிருந்தால் கை அறியாமல் கூடுதலாகத் திருப்பி நுனியை ஒடித்துவிடும். பிடியைக் கையில் இறுக்கிப் பாருங்கள், உள்ளங்கை நிறைய வேண்டும். வட்டமாக வழவழவென்று இருந்தால் ஈரக் கையில் வழுக்கும். நம் ஊரில் ஈரமில்லாத நாள் எத்தனை? மூலைகளோ பள்ளங்களோ உள்ள பிடி நல்லது, சரிவான மேசையில் வைத்தாலும் உருண்டு விழாது. ரப்பர் போர்த்திய பிடி கைக்கு இதமாக இருக்கும். ஆனால் கிறீஸும் டீசலும் படுகிற வேலைக்கு அது தோதில்லை. கொஞ்ச நாளில் பிசுபிசுத்துப் போகும். கராஜுக்கும் பெக்டரிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் பிடியே என் தேர்வு.

இரும்பு

கம்பியில் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பார்கள். அது நல்ல உலோகம், ஆனால் அந்த எழுத்தை யாரும் பொறிக்கலாம். எஸ் 2 என்று இருந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் இனம். டிரில்லில் பூட்டுகிற பிட்களில் அதைக் காணலாம். உலோகத்தின் பேரை விட அதற்குக் கொடுத்த பதம்தான் விஷயம். கொழுக்கட்டை மாவு மாதிரி: பதம் குறைந்தால் வளையும், கூடினால் வெடிக்கும். மெதுவான நுனி முறுகும், அளவு மீறிக் கெட்டியான நுனி கண்ணாடி போலச் சில்லு பறக்கும். சில்லு பறந்தால் கண்ணுக்கு ஆபத்து.

வாங்கிய பிறகு வீட்டில் இப்படிச் சோதிக்கலாம். நல்ல அரம் ஒன்றை வாயின் பக்கத்தில் லேசாக இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போய் மெல்லிய கீறல் மட்டும் போட்டால் பதம் சரி. வாழைத்தண்டைச் சீவுவது போல இரும்பைத் தின்றால் அந்த டிரைவரை டின் திறக்க வைத்துக்கொள்ளுங்கள்.

நுனியில் முலாம் தடிப்பாக இருந்தால் வாங்க வேண்டாம். பளபளப்பான குரோம் கம்பிக்கு நல்லது, துருவைத் தடுக்கும். நுனியில் அது குவிந்து மூலைகளை உருட்டிவிடும். நல்ல டிரைவர்களில் நுனி மட்டும் கறுப்பாக, அல்லது சாணை பிடித்த வெற்று இரும்பாக விடப்பட்டிருப்பதைக் காணலாம். காந்த நுனி ஒரு வசதி. கூரையில் ஏறி நிற்கும்போது ஸ்க்ரூ விழாமல் பிடித்துக்கொள்ளும். காந்தம் தரத்துக்கு அடையாளம் இல்லை.

மின்சாரம்: இங்கே சிக்கனம் வேண்டாம்

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். சிமெந்துத் தரை குளிர்ந்து வியர்த்திருக்கும், சுவரில் ஈரம் ஊறியிருக்கும், வெறும் காலோடு நிற்போம். கையில் இருக்கிற டெஸ்டரால் பிளக்கின் ஸ்க்ரூவைத் திருப்புவோம். இந்த வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

டெஸ்டர் என்பது சோதித்துப் பார்க்கிற சாமான். அதன் உள்ளே ஒரு சின்ன நியோன் குமிழும், மின்னை மட்டுப்படுத்துகிற ஒரு தடையும் இருக்கின்றன. அந்தத் தடை வழியாக ஒரு துளி மின் உங்கள் உடம்புக்குள் ஓடினால்தான் குமிழ் எரியும். டெஸ்டரைப் போட்டு முறுக்கினால் உள்ளே விரிசல் விழும், ஈரம் புகும். ஈரம் புகுந்த டெஸ்டரில் தடை இருந்தும் இல்லாதது போல. குமிழ் எரியவில்லை என்பதால் கம்பியில் மின் இல்லை என்றும் முடிவு செய்யாதீர்கள், குமிழே செத்திருக்கலாம். மின் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பொயின்டில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சந்தேகப் பொயின்டில் வைக்க வேண்டும். சோதித்த பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வேறு டிரைவரால் வேலை செய்யுங்கள்.

அந்த வேறு டிரைவர் எது? மின்வேலைக்கென்று ஐஈசி 60900 என்ற தரத்தில் செய்தவை உண்டு. கம்பி முழுக்க, நுனி மட்டும் தெரியும்படி, பிடியோடு ஒன்றாக வார்த்த உறை இருக்கும். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறித்திருக்கும். அந்தத் தரத்தில் ஒவ்வொரு டிரைவரும் 10,000 வோல்ட்டில் தனித்தனியாகச் சோதிக்கப்பட வேண்டும். சாதாரணக் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிட்டு "இன்சுலேட்டட்" என்று விற்பதும் உண்டு. உறையை விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள், நகர்ந்தால் அது வேறு ஜாதி. உறையில் வெட்டு விழுந்த நல்ல டிரைவரையும் மின்வேலையிலிருந்து விலக்கிவிடுங்கள். 1000 வோல்ட் டிரைவர் கையில் இருந்தாலும் மெயின் சுவிட்சை அணைப்பதுதான் முதல் வேலை.

எதை முதலில் வாங்குவது

முப்பத்திரண்டு துண்டு, நாற்பது துண்டு என்று பெட்டியில் அடுக்கி, பார்க்க அழகாக விற்கிறார்கள். அதில் நாம் பாவிப்பது மூன்று. அந்த மூன்றும் முதல் வருடத்திலேயே மழுங்கும், மிச்சம் இருபத்தொன்பதும் துருப்பிடிக்கும். அதே காசில் மூன்று நல்ல டிரைவர் வாங்கலாம். 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பிறகு இறக்குமதிச் சாமான் எல்லாம் விலையேறிவிட்டது. ஒவ்வொன்றாக, சம்பள நாளுக்கு ஒன்று என்று வாங்குவது குடும்பத்துக்கும் பாரமில்லை.

வீட்டுக்கு நான் சொல்கிற வரிசை இது. முதலில் பிஎச் 2, கம்பி 100 மில்லிமீற்றர். அடுத்து 5.5 மில்லிமீற்றர் பட்டை வாய். மூன்றாவது ஒரு டெஸ்டர், அதோடு 3 மில்லிமீற்றர் பட்டை வாய், உறை போட்டது. பிளக் உள்ளே இருக்கிற ஸ்க்ரூவுக்கு அந்தப் பட்டை வாய் போதும். நாலாவது பிஎச் 1. இதற்கு மேல் தேவை வரும்போது பார்க்கலாம். கூரைத் தகரத்துக்கு இப்போது ஆறு மூலைத் தலை ஸ்க்ரூ அடிக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அது தளர்ந்தால் டிரைவர் உதவாது, 8 மில்லிமீற்றர் குழாய் வாய் வேண்டும். ஒன்று இருந்தால் பத்து வீட்டுக்குப் போதும்.

மோட்டர் சைக்கிள் வேலை செய்கிற தம்பிகள் ஜிஸ் 2, ஜிஸ் 3 இரண்டையும், சுத்தியலால் அடித்தால் தானே ஒரு கட்டம் திரும்புகிற இம்பெக்ட் டிரைவர் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த எஞ்சின் மூடி ஸ்க்ரூவுக்கு அதை விட்டால் மருந்தில்லை.

கம்பனிகளைப் பற்றிக் கேட்பார்கள். ஜப்பானின் வெசல் 1916இல் தொடங்கியது, ஜிஸ் வாய்க்கு அதுதான் என் முதல் தேர்வு. ஜெர்மனியின் வேரா, வீஹா, சுவிட்சர்லாந்தின் பீபி ஆகியவை உலகத்தில் மிக நல்லவை. வெளிநாட்டில் வேலை செய்கிற உறவினர் வரும்போது சொக்லட்டோடு ஒன்று கொண்டுவரச் சொல்லலாம். நம் கைக்கு எட்டுகிற விலையில் இந்தியாவின் தபாரியா நல்ல சாமான். தோட்டத்து வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை என்பது என் தீர்ப்பு. பேர் போன கம்பனிகளின் போலிச் சாமானும் சந்தையில் உண்டு. எழுத்து மங்கலாக, கோணலாக அச்சிட்டிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிடுங்கள்.

நம் ஈரத்தில் வைத்துக் காப்பது

மலைநாட்டில் இரும்புக்கு எதிரி துரு. உரச் சாக்கில் சாமான்களைப் போட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாக்கு என்னதான் கழுவினாலும் இழைக்குள் உரம் ஒட்டியிருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். பிஸ்கட் டின் போதும். தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். நம் குளிரில் அது போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடுகிறதே, கம்பியிலும் உறைந்து, பிசினாகி, தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி, பழைய துணியில் தொட்டுத் துடைத்தால் ஒரு மாதம் காக்கும்.

பழைய தெளிந்த பிளாஸ்டிக் பிடிகள் சில, மூடிய பெட்டிக்குள் வருடக்கணக்கில் கிடந்தால் வெள்ளைப் பொடி பூத்து வாந்தி நாற்றம் அடிக்கும். பயப்பட வேண்டாம். அந்த வகைப் பிளாஸ்டிக் ஈரத்தில் மெல்லச் சிதையும்போது, கெட்டுப்போன வெண்ணெயில் இருக்கிற அதே அமிலம் வெளியே வருகிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். கம்பி நன்றாக இருந்தால் டிரைவரும் நன்றாகவே இருக்கிறது.

டர்பன்டைன் போன்ற கெட்டி மரப் பலகையில் ஸ்க்ரூ ஏற்றும்போது முதலில் மெல்லிய துளை போட்டு, ஸ்க்ரூவின் மரையில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். நல்ல டிரைவரைக் கெடுப்பது பல தடவை துளை போடாத கெட்டி மரம்தான்.

கடையில் நிற்கும்போது

இவ்வளவையும் கடை வாசலில் எப்படிச் செய்வது? இரண்டு நிமிடம் போதும். டிரைவரைக் கண்ணாடி மேசையில் வைத்து உருட்டுங்கள். நுனி வட்டமடித்துத் தள்ளாடினால் கம்பி வளைந்திருக்கிறது. கம்பி பிடிக்குள் நுழைகிற இடத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் முறுக்கிப் பாருங்கள், இம்மியும் அசையக்கூடாது. நுனியை நகத்தால் தடவுங்கள், மூலைகள் நகத்தில் பிடிக்க வேண்டும். பிறகு கடைசிச் சோதனை. ஸ்க்ரூவை நுனியில் குத்தி, டிரைவரைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். வாய் பொருந்தியிருந்தால் காந்தம் இல்லாமலே ஸ்க்ரூ ஒரு கணமாவது தங்கி நிற்கும், விரலால் தொட்டால் ஆடாது. பொருந்தாவிட்டால் உடனே விழும், அல்லது வாய்க்குள் கடகடக்கும்.

இந்தச் சோதனைக்கு ஸ்க்ரூ வேண்டும். கடைக்காரர் கொடுக்கிற ஸ்க்ரூ உங்கள் வீட்டு ஸ்க்ரூ இல்லை. அதனால் தலவாக்கலைக்கோ நாவலப்பிட்டிக்கோ பஸ் ஏறுவதற்கு முன், கதவுப் பிணைச்சலிலிருந்து ஒன்று, சுவிட்ச் மூடியிலிருந்து ஒன்று, வண்டி இருந்தால் அதிலிருந்து ஒன்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்ச் மூடியைத் தொடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.